கமிட் தேதி இருந்தால் நிரல் நம்முடையது என்று ஆகிவிடுமா?

அரைப்புள்ளி:
கடை பில்லிங் மென்பொருள் ஒன்றை ஃப்ரீலான்ஸாக எழுதிக் கொடுத்தேன். வாங்கியவர் இப்போது தன் ஆட்களே எழுதியதாகச் சொல்லி மற்ற கடைகளுக்கு விற்கிறார். முதல் வரியிலிருந்து கிட் (நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) கமிட், அதாவது ஒவ்வொரு மாற்றத்தின் பதிவும், எல்லாம் என்னிடம் தேதியோடு இருக்கிறது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

மொட்டைமாடி:
அந்தத் தேதியை மட்டும் நம்பி வக்கீலிடம் போகாதீர்கள் ப்ரோ. கிட் அதை உங்கள் கணினிக் கடிகாரத்திலிருந்துதான் எடுக்கிறது, 2015இல் எழுதியதாக இன்றைக்கே ஒரு கமிட் போடலாம். பெயரும் மின்னஞ்சலும்கூட நாமே கிட்டின் அமைப்பில் (கான்ஃபிக்) தட்டுவதுதானே.

அரைப்புள்ளி:
ஹேஷ் சங்கிலியை மறந்துவிட்டீர்கள். ஒவ்வொரு கமிட்டின் அடையாள எண்ணான ஹேஷ், அதன் உள்ளடக்கத்தையும் முந்தைய கமிட்டின் ஹேஷையும் வைத்துக் கணக்கிடப்படுவது. பழைய கமிட் ஒன்றைத் தொட்டாலே அதற்கப்புறம் வரும் எல்லா ஹேஷும் மாறிவிடும்.

மொட்டைமாடி:
மாறும், சரி. ஆனால் மாறியது என்று சொல்ல பழைய ஹேஷ் வேறு யாரிடமாவது இருக்க வேண்டுமே? மொத்த வரலாற்றையும் புதிதாக எழுதினால் சங்கிலி பழுதே இல்லாமல் நிற்கும். ஜிபிஜி என்ற டிஜிட்டல் கையொப்பம் போட்டாலும் சாவி யாருடையது என்றுதான் தெரியும், தேதி அப்போதும் நீங்கள் சொன்னதுதான். கிட்ஹப் (நிரலை இணையத்தில் வைக்கும் தளம்) சர்வரில் புஷ், அதாவது நீங்கள் அங்கே ஏற்றியது, பதிவான நேரம், அன்றைக்கே அவருக்கு அனுப்பிய மெயில், இப்படி உங்கள் கை எட்டாத இடத்தில் கிடப்பதைத் தேடுங்கள்.

காப்பிக்கடை:
தேதியையே பிடித்துத் தொங்குகிறீர்கள் இருவரும். ஆப்பிள் கணினியின் நிரலைக் காப்பியடித்த ஃப்ராங்க்ளின் நிறுவனத்தின் மேல் ஆப்பிள் போட்ட வழக்கில் (மேல்முறையீட்டுத் தீர்ப்பு 1983) நகல் நிரலுக்குள் ஆப்பிள் ஊழியர் ஒருவரின் பெயரே கிடந்தது, கூடவே 'ஆப்பிள்சாஃப்ட்' என்ற சொல்லும். நிரல் ஓட இரண்டுமே தேவையில்லை. அதே மாதிரி உங்கள் எழுத்துப்பிழை, நிரலில் எங்கும் பயன்படாமல் கிடக்கும் ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) எல்லாம் அவர்களுடையதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மொட்டைமாடி:
அந்த வழக்கில் ஃப்ராங்க்ளின் காப்பியடித்ததை மறுக்கவே இல்லை, இயக்குதளத்துக்கெல்லாம் பதிப்புரிமை கிடையாது என்றுதான் வாதாடினார்கள். தவிர, இரண்டு நிரலிலும் ஒரே பிழை இருப்பது காப்பியைத்தான் காட்டும், யார் யாரிடமிருந்து எடுத்தார் என்பதைக் காட்டாது. ஆண்ட்ராய்டில் ஜாவா நிரலைக் காப்பியடித்ததாக கூகுள் மேல் ஆரக்கிள் போட்ட வழக்கில் ரேஞ்ச்செக் என்ற 9 வரி ஃபங்ஷன் பெரிய பஞ்சாயத்தானது. அதை சன் நிறுவனத்தில் இருந்தபோது எழுதிய ஜோஷுவா பிளாக் பின்னாளில் கூகுளில் வேலை பார்த்தவர். எழுதியவர் அவராக இருந்தும் உரிமை சன்னிடம் இருந்து, அதை வாங்கிய ஆரக்கிளுக்குப் போயிருந்தது. எழுதியவர் வேறு, உரிமையாளர் வேறு.

காப்பிக்கடை:
அது சம்பளக்காரர்களுக்கு. நம் ஊர் 1957 பதிப்புரிமைச் சட்டத்திலும் ஊழியர் வேலையாக எழுதினால் பிரிவு 17படி முதலாளிக்குத்தான். ஃப்ரீலான்ஸ் நிரலுக்கு, எழுத்துபூர்வமாக மாற்றிக் கொடுக்காதவரை உரிமை எழுதியவரிடமே. ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது?

அரைப்புள்ளி:
ஒப்பந்தமா? எல்லாம் வாட்ஸ்அப்பில் பேசியதுதான். "நீங்க எழுதினது நல்லா ஓடுது சார்" என்று அவரே அனுப்பியிருக்கிறார்.

மொட்டைமாடி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், இன்றைக்கே அந்த வாட்ஸ்அப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள்.