இங்கிலாந்தின் சஃபோக் கிராமத்துச் சர்ச்சுகள்: கார் இல்லாமல் ஒரே நாளில் முடியுமா?

தென்றல்:
நவம்பர் முதல் வாரம், சனிக்கிழமை. லண்டனிலிருந்து ரயிலில் ஹேல்ஸ்வொர்த் வந்து, வென்ஹாஸ்டன், பிளைத்பரோ இரண்டையும் நடந்தே பார்க்க நினைக்கிறேன். சர்ச்சுகள் பூட்டிக் கிடக்குமா? பிளைத்பரோ கூரையில் இருக்கும் மரத் தேவதூதர் சிற்பங்கள் போன் கேமராவில் விழுமா?

வழிப்போக்கன்:
முடியும். வென்ஹாஸ்டனுக்குச் சுமார் 5 கி.மீ., அங்கிருந்து பிளைத்பரோ இன்னொரு 4. ஏ12 சாலையோரம் நடக்க வேண்டாம். ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டனின் அரசு நில அளவைத் துறை) 1:25,000 வரைபடத்தில் பச்சை நிறக் குட்டைக் கோடுகளின் வரிசைதான் நடைவழி. நாலரைக்குள் இருட்டிவிடும், திரும்ப டாக்சிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பூட்டியிருக்கிறது என்று பலர் திரும்பிப் போவது பெரும்பாலும் பூட்டாத கதவிலிருந்துதான். இரும்பு வளையத்தை முழுசாகத் திருகி, தோளால் தள்ளுங்கள். நகராவிட்டால் எதிர்ப்பக்கம் திருகுங்கள். உண்மையிலேயே பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று முகப்பு மண்டபத்தில் சீட்டு இருக்கும். அங்கே கம்பிவலைக் கதவு இருந்தால் மறக்காமல் சாத்துங்கள். உள்ளே புகுந்த குருவி வெளியேற வழியின்றிச் செத்துப்போகும்.

கல்தச்சன்:
வென்ஹாஸ்டனில் அவசரப்படாதீர்கள். இறுதித் தீர்ப்பைப் பலகையில் தீட்டியிருக்கிறார்கள். 15ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலம். 16ஆம் நூற்றாண்டில், புராட்டஸ்டண்ட் சீர்திருத்தக் காலத்தில், சுண்ணாம்பு பூசி மறைத்தது. 1892இல் பழைய பலகை என்று கழற்றி வெளியே போட, மழை சுண்ணாம்பைக் கரைத்துப் படத்தைக் காட்டிக்கொடுத்தது! நடுவில் வண்ணமில்லாத ஆள் வடிவங்கள் தெரியும். அழிந்த இடமல்ல, சிலுவையும் மரியாள், யோவான் சிலைகளும் அங்கே பொருத்தியிருந்தன, அவற்றைச் சுற்றித்தான் வண்ணம் தீட்டினார்கள். கீழே ஆன்மாக்களை நிறுக்க, தலைமைத் தேவதூதர் மிக்கேல் தராசு பிடிக்கிறார். கரையேறியவர்கள் நம் இடப்பக்கம், நரகத்தின் வாய் வலப்பக்கம்.

வழிப்போக்கன்:
போட்டோ எடுப்பது பற்றிச் சொல்ல விட்டுப்போனது. ஃபிளாஷ் கூரை வரை எட்டாது. போனைத் திரை மேலே பார்க்கத் தரையில் வைத்து, முன்கேமராவில் 10 விநாடி டைமர் போடுங்கள். கை நடுக்கம் இருக்காது. பைனாகுலர் என்றால் 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், வில்லை 42 மி.மீ.). சின்ன வில்லை அந்த மங்கலில் உதவாது.

தென்றல்:
நன்றி. பிளைத்பரோ தேவதூதர்களை, சர்ச்சுச் சிலைகளை உடைத்துத் திரிந்த பியூரிட்டன் வில்லியம் டவுசிங்கின் ஆட்கள் துப்பாக்கியால் சுட்டார்கள் என்கிறார்களே?

கல்தச்சன்:
பழைய கதை. டவுசிங் 1644இல் வந்து உடைக்கச் சொன்னது உண்மை. ஆனால் மரத்தில் கிடைத்த ஈயக்குண்டுகள் 18ஆம் நூற்றாண்டு வகை. கூரையில் அடைந்த காக்கையினப் பறவைகளைச் சுட்டது. அண்ணாந்தே நிற்காமல் இருக்கைகளின் ஓரச் செதுக்கல்களையும் பாருங்கள்: தொந்தியைப் பிடித்த பெருந்தீனிக்காரன், படுக்கையை விட்டு எழாத சோம்பேறி.