புதுப்பிப்பு: சூட்டில் ஸ்டார்ட் ஆகாத எம்ஜிபி

முன்பு கேட்டிருந்தது இதுதான்: கூரையை மடக்கி நிதானமாக ஓட்டினால் என் எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒழுங்காகப் போகிறது, கொஞ்ச நேரம் நிறுத்தினால் மறுபடி கிளம்ப அடம்பிடிக்கிறது. பலர் இக்னிஷன் காயிலை (பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) சொன்னீர்கள். அது இல்லை, பெட்ரோல்தான்.

இரட்டை எஸ்யூ கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்; எஸ்யூ என்பது பிராண்ட்) உள்ள எம்ஜிபியில் அவை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு (எஞ்சினின் சூடான புகை வெளியேறும் குழாய்) மேலேயே இருக்கின்றன. ஓடும்போது காற்று சூட்டை இழுத்துப்போகும். நிறுத்தியதும் சூடு மேலேறி, ஃப்ளோட் சேம்பரில் (கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணம்) பெட்ரோல் கொதித்து ஜெட் வழியே வழிகிறது, பிளக் நனைந்துவிடுகிறது.

அப்போது சோக்கை (குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பப் பெட்ரோலைக் கூட்டும் குமிழ்) தொடாதீர்கள். ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள். விட்டுவிட்டு மிதிப்பது வீண். எஸ்யூவில் ஆக்சிலரேட்டர் பம்பே (மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும் பாகம்) கிடையாது!

கார்புரேட்டருக்குச் சூடு போகாமல் மறைக்கும் ஹீட் ஷீல்டின் காப்புத் தகடு உதிர்ந்திருந்தது. புது ஷீல்டும், சூடு கடத்தாத இன்சுலேட்டர் பிளாக்கும் (இருபுறமும் புது கேஸ்கெட்டோடு) போட்டதும் தொல்லை பெரும்பாலும் அடங்கிவிட்டது. பழைய தகட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், சுரண்டாதீர்கள்.

கடும் வெயிலில் மட்டும் இன்னும் லேசாக முரண்டுகிறது. நிறுத்தியதும் பானட்டைத் திறந்து வைத்தால் அதுவும் இல்லை.