சகபாடி மதிப்பீட்டில் எல்லாருக்கும் 9: எங்கே பிழைக்கிறது?

உப்புவெளி_விரிவுரை:
முகாமைத்துவம் இரண்டாம் வருடம், 60 பேர். ஒப்படை: நிலாவெளியில் 12 அறை விடுதி, மாரிக்கு வாடகையைக் குறைப்பதா, பூட்டி வைப்பதா? மாணவர்களையே ஆளுக்கு இரண்டு ஒப்படையைத் திருத்த விட்டால் எல்லாருக்கும் 8, 9தான் விழுகிறது. கருத்தும் "நல்லம்", இல்லாட்டி ஆங்கில எழுத்துப்பிழைத் திருத்தம். இதில் விமர்சனச் சிந்தனை எப்படி வளரும்? புள்ளித்திட்டம்: உள்ளடக்கம் 4, அமைப்பு 3, மொழி 3.

கொட்டியாறு:
பிழை புள்ளித்திட்டத்தில். மொழிக்கு 3 வைத்தால் மொழியைத்தான் பார்ப்பார்கள். "உள்ளடக்கம்" என்பது ஒருவருக்கும் விளங்காத சொல். அதற்குப் பதில் கேள்வி போடுங்கள்: முடிவு என்ன? சான்று எந்த வரியில்? சான்றிலிருந்து முடிவுக்குப் போக எதைச் சொல்லாமலே எடுத்துக்கொண்டார்? எந்தத் தகவல் வந்தால் முடிவு மாறும்? முதல் மூன்றும் மெய்யியலாளர் ஸ்டீபன் துல்மின் 1958இல் வாதத்தைப் பிரித்துக் காட்டிய வழிதான்.

"வாடகையை 30% குறைத்தால் ஆட்கள் வருவார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தால், கருத்து இப்படி வரவேண்டும்: "ஆட்கள் வராததற்கு விலைதான் காரணம் என்று எடுத்துவிட்டீர்கள். கடல் கொந்தளித்தால், நிலாவெளிக்கு வருகிறவர்கள் பார்க்கப் போகும் புறாத்தீவுக்குப் படகு போகாது. அறை மலிந்து என்ன பயன்?"

கருத்தைத் தமிழிலோ சிங்களத்திலோ எழுத விடுங்கள். பாதி எழுத்துப்பிழைத் திருத்தம் அதோடு நின்றுவிடும்.

மூடில்_ஆள்:
இரண்டு பேர் காணாது. ஒருவர் தாராளம், மற்றவர் கஞ்சம் என்றால் எது சரி என்று தெரியாது. நாலு பேர் வையுங்கள், பெயரை மறையுங்கள். திருத்த முதல் வகுப்பில் மூன்று மாதிரி விடைகளுக்கு எல்லாரும் புள்ளி போடட்டும். ஒன்று அழகான ஆங்கிலம், வாதம் பூச்சியம். அதற்கு 9 போட்டவர்களோடுதான் கதைக்க வேண்டும்.

மூடில் என்ற இணையக் கற்றல் தளத்தில் சகபாடி மதிப்பீட்டுக்கென உள்ள 'வேர்க்‌ஷொப்' ஒப்படைக்கு 80, மதிப்பிட்டதற்கு 20 என்றே வரும். 60, 40 ஆக்குங்கள். ஆனால் கவனம்: சராசரிக்குக் கிட்ட நிற்கிற மதிப்பீட்டையே அது சிறந்ததாக எடுக்கும். மூன்று பேர் கண்ணை மூடி 9 போட்டால், நேர்மையாக 5 போட்டவருக்குத்தான் புள்ளி குறையும். அந்த இடத்தில் நீங்களும் மதிப்பிட்டு, உங்கள் மதிப்பீட்டுக்குக் கொடுக்கும் நிறையைக் கூட்ட வேண்டும்.

உப்புவெளி_விரிவுரை:
நாலு பேர் என்றால் 240 மதிப்பீடு. ஒருத்தரால் வாசிக்க ஏலாதே?

கொட்டியாறு:
எல்லாம் வேண்டாம். ஒரே ஒப்படைக்கு 3 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தவை, நாலு பேரும் ஒரே புள்ளி போட்டவை, இவ்வளவும் போதும். மிச்சத்துக்கு, எழுதியவரிடமே 100 சொல் பதில் கேளுங்கள்: எந்தக் கருத்தை ஏற்றார், எதைத் தள்ளினார், ஏன். "எல்லாவற்றையும் ஏற்கிறேன்" என்று எழுதினால் புள்ளி இல்லை என்று முதலே சொல்லிவிடுங்கள்.