குலுக்கிய பிறகும் நீரிலேயே தங்கிவிடும் ஃபீனால்

கேள்வி:
பிசின் ஆலை ஒன்றின் கழிவுநீர் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துக் காய்ச்சிய பின் வெளியேறும் நீர் இது. லிட்டருக்கு 5000 மில்லிகிராம் ஃபீனால், பிஎச் 10. ஃபீனாலைப் பிரித்தெடுக்க, இரண்டு பங்கு நீருக்கு ஒரு பங்கு டொலுயீன் (நீரோடு கலக்காத கரைப்பான்) ஊற்றிப் பிரிபுனலில் ஐந்து நிமிடம் பலமாகக் குலுக்கினேன். கீழே வடித்த நீரில் இன்னும் 3300 இருக்கிறது. இரண்டு அடுக்குக்கும் நடுவில் வெண்ணிறப் பட்டை ஒன்று மறுநாள் காலையிலும் கலையாமல் நிற்கிறது. போன மாதம் இதே நீர் உயிரியல் தொட்டிக்குள் போய் நுண்ணுயிர்கள் செத்து, தொட்டியை மீட்க மூன்று வாரம் திண்டாடினோம். எங்கே தவறுகிறேன்?

பதில் 1:
பிஎச்-தான். அமிலம் சேர்த்துவிட்டுக் குலுக்குங்கள்.

பதில் 2:
மேலே நண்பர் சொன்னது சரி, காரணத்தையும் சொல்கிறேன். பிஎச் 10-இல் ஏறக்குறையப் பாதி ஃபீனால் ஃபீனாலேட் அயனியாகிவிடுகிறது. மின்னூட்டம் கொண்ட அயனி டொலுயீனுக்குள் நுழையாது. கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு 5-க்குக் கொண்டுவாருங்கள். ஃபார்மால்டிஹைடு நெடி எழும்பும், காற்றை உறிஞ்சும் கூண்டுக்குள் செய்யுங்கள். அப்போது அரைகுறைப் பிசின் மாவுபோல் திரளும். அதை வடிகட்டாமல் கரைப்பான் ஊற்றினால் உங்கள் வெள்ளைப் பட்டை மறுபடியும் வரும். அடித்துக் குலுக்கவும் வேண்டாம். புனலை மெல்லத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தினாலே போதும்.

டொலுயீனின் பங்கீட்டுக் குணகம், அதாவது ஃபீனாலின் செறிவு நீரில் இருப்பதைப்போல் கரைப்பானில் எத்தனை மடங்கு என்ற எண், சுமார் 2 மட்டுமே. மெத்தில் ஐசோபியூட்டைல் கீட்டோன் அதைவிடப் பல மடங்கு வலியது. குணகம் 50, பத்துப் பங்கு நீருக்கு ஒரு பங்கு கரைப்பான் என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரே தடவையில் ஊற்றினால் 833 மிஞ்சும். அதே அளவை மூன்றாகப் பிரித்து ஊற்றினால் 264. நீரும் கரைப்பானும் எதிரெதிரே வரும் மூன்று நிலைக் கோபுரத்தில் 32! கரைப்பான் ஒரு சொட்டுகூடக் கூடவில்லை. இருபது வருடம் கோபுரம் ஓட்டியவன் நான்; இந்தக் கணக்கு இன்றும் எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. அமிலம் சேர்த்து, வடிகட்டி, கீட்டோனை மூன்று தடவையாக ஊற்றினேன். பட்டையே இல்லை, கோடு கிழித்தாற்போல் பிரிந்தது. நீரில் 270. மீதியைத் தொட்டிக்கே அனுப்பிவிடலாமா?

பதில் 2:
பொறுங்கள், இப்போதைக்கு அனுப்பவே வேண்டாம். அந்தக் கீட்டோன் நீரில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவு கரையும். லிட்டருக்கு 5 கிராம் ஃபீனாலை எடுத்துவிட்டு 19 கிராம் கரைப்பானை உள்ளே விட்டிருக்கிறீர்கள். நீராவி செலுத்தி அதை வெளியேற்றிக் குளிரவைத்துத் திரும்பப் பிடியுங்கள். நீரோடு சேர்ந்து 88 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். வேதி ஆக்சிஜன் தேவையை (நீரில் உள்ள கரிமப் பொருளை ஆக்சிஜனேற்றம் செய்யத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) அளந்து, அது இறங்கியிருப்பதைப் பார்த்த பிறகு, பிஎச்-ஐ 7-க்கு ஏற்றித் தொட்டிக்குச் சிறிது சிறிதாக விடுங்கள்.