நைஜீரியாவின் லாகோஸில் முதல் நாள்: உங்களுக்கு என்ன நடந்தது?

ஊர்சுற்றி:
2018. டான்ஃபோ தெரியும்தானே, மஞ்சள் வேன், கறுப்புக் கோடு. ஓஷோடியில் ஏறினேன், சி.எம்.எஸ். பஸ் ஸ்டாப் வரை. "சில்லறையோடு ஏறு" என்று கண்டக்டர் கத்தியதைக் காதில் வாங்கவில்லை. கட்டணம் 250 நைரா. நான் 500 நீட்டினேன், பக்கத்து சீட் அம்மாவும் 500. இறங்கும்போது ஒரே ஒரு 500 நோட்டை என் கையில் திணித்து, எங்கள் இருவரையும் விரலால் காட்டி, "பிரிச்சுக்குங்க" என்றுவிட்டு அடுத்த சவாரியைக் கூவப் போய்விட்டான். அங்கே அது வழக்கமாம். அந்த அம்மா நீல மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நின்றார். தண்ணீர் பாக்கெட் விற்ற பையனிடம் ஓடினேன். கசங்கிய நோட்டுகளை ஒவ்வொன்றாக நீவி நீவி எண்ணினான். திரும்பினால் அம்மாவைக் காணோம். பார்த்த பக்கமெல்லாம் தலையில் மூட்டை. அரை மணி நேரம் நின்றேன். அவர் காசு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

இகேஜா_நாலு_வருஷம்:
250 நைராவுக்கா இவ்வளவு? முதல் நாளே டான்ஃபோவில் ஏறச் சொன்னது யார்? நான் கம்பெனி கார்தான். அந்த ஊரில் யாரையும் நம்ப முடியாது. எனக்கு மறக்காதது முதல் ராத்திரி. தெருவே ஜெனரேட்டர் சத்தம். திடீரென்று சுற்றிலும் குழந்தைகள் "அப் நேபா!" என்று அலறின. கலவரம் என்று நினைத்துக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டேன். கரன்ட் வந்திருக்கிறது, அவ்வளவுதான். நேபா என்ற மின்வாரியத்தின் பெயர் மாறி வருஷக்கணக்காகிறது, கூச்சல் மட்டும் மாறவில்லை.

கடலோரத்தான்:
இகேஜா அண்ணே, கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் யாரை நம்புவது என்று எப்படித் தெரியும்? இகொரொடு ரோட்டில் கோ-ஸ்லோ, அதாவது டிராஃபிக் ஜாம். ஜன்னல் வழியாக காலா என்ற இறைச்சி ரோல் வாங்க 1000 கொடுத்தேன், வண்டி நகர்ந்துவிட்டது. போச்சு என்று நினைத்தேன். அந்தப் பையன் தலையில் பெட்டியோடு, ஒரு செருப்பு கழன்றதைக்கூடப் பார்க்காமல் ஓடி வந்து மிச்சத்தை மடியில் போட்டான். செருப்பை எடுக்கத் திரும்பி ஓடியதுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.
ஊர்சுற்றி, ஒரு சந்தேகம். அங்கே நம்மையும் ஓயின்போ, வெள்ளைக்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள், கூட்டத்தில் பளிச்சென்று தெரிவோம். அவர் உங்களைத் தேடினாரா, இல்லையா?

பயணக்குறிப்பு:
நான் போனது 2021, இரண்டு நாள், ஹோட்டலை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. ஆனாலும் புதிதாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். 50, 100, 200 நோட்டுகளைத் தனியாகச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறும் முன்பே கட்டணத்தைக் கேளுங்கள். இப்படி ஜோடி சேர்த்துவிட்டால் நோட்டு யார் கையில் இருந்தாலும் இரண்டு பேரும் சேர்ந்தே மாற்றப் போங்கள், பிரியவே கூடாது. பையை மடியில் வையுங்கள். ஒகாடா என்ற பைக் டாக்ஸியை 2020 பிப்ரவரியிலேயே பல பகுதிகளில் தடை செய்துவிட்டார்கள், யாராவது கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். தேர்ட் மெயின்லேண்ட் பாலம் கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர். நெரிசலில் மாட்டினால் நடுவில் இறங்குவது சிரமம், அதனால் தண்ணீரை அளவாகக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். கீழே தண்ணீர்மேல் இருக்கும் மகோகோ குப்பத்தின் மரக்கால் வீடுகள் தெரியும், போட்டோ எடுக்கிறேன் என்று போனை வெளியே நீட்டாதீர்கள்.

ஊர்சுற்றி:
பயணக்குறிப்பு சார், நன்றி, நான் இனி போகப் போவதில்லை.
கடலோரத்தான், நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். முதலில் எழுதும்போது விட்டுவிட்டேன். வெயில் தாங்கவில்லை. அந்த அரை மணியில் பாதி நேரம் ஒரு டான்ஃபோவுக்குப் பின்னால், நிழலில் நின்றிருந்தேன்.