அப்பா பொத்தான் போட்டார், நான் கை தட்டியதும் கோபித்துக்கொண்டார்

கேள்வி:
அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து 4 மாதம் ஆகிறது. மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் ஓரளவு தேறி, ஊன்றுகோலோடு நடக்கிறார். கைதான் இன்னும் வசப்படவில்லை.

நேற்று காலை சட்டையின் மூன்றாவது பொத்தானைத் தானே போட்டார். இடது கையால் துணியை இழுத்துப் பிடித்து, வலது கட்டைவிரலால் பொத்தானைத் தள்ளித் தள்ளி, பத்து நிமிடம் ஆகியிருக்கும். பொத்தான் துளைக்குள் நுழைந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. சத்தமாகக் கை தட்டினேன். அண்ணனை வீடியோவில் கூப்பிட்டு, இன்னொரு தடவை போட்டுக் காட்டச் சொன்னேன். அப்பா முகம் மாறிவிட்டது. "நான் என்ன ஒண்ணாம் வகுப்புப் பிள்ளையா?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மாலையில் பயிற்சியும் செய்யவில்லை.

என் சந்தோஷத்தை அடக்கிக்கொள்ள வேண்டுமா? எப்படிக் கொண்டாடினால் அவருக்கு வலிக்காது?

பதில் 1:
உங்கள் அப்பா இருக்கும் இடத்தில் நான் இருந்திருக்கிறேன், தங்கச்சி. எனக்கு இடது பக்கம், 6 வருஷம் ஆகிறது. நோய் வரும்வரை யோசிக்காமலே பொத்தான் போட்ட கை அப்பாவுடையது. நீங்கள் தட்டியது ஜெயித்ததற்கு. அவர் காதில் விழுந்தது இழந்ததைப் பற்றி.

என் மனைவி ராத்திரி படுக்கும் முன் "இன்னைக்கு என்ன எழுதட்டும்?" என்று மட்டும் கேட்பாள். நான் சொல்வதைத்தான் நோட்டில் எழுதுவாள். ஒன்றுமில்லை என்றால் தேதி போட்டு "ஒன்றுமில்லை" என்றே எழுதுவாள். அப்படி நிறைய நாள் போனது. ஒரு நாள் பேத்தி என் கைக்குள் தன் கையை வைத்துக்கொண்டு நின்றவள் ஓடிப்போனாள். என் கை தானாக விரிந்து அவளை விட்டது. அதை மனைவி கவனிக்கவே இல்லை. நான்தான் எழுதச் சொன்னேன். எது பெரிய விஷயம் என்று அவரே சொல்லட்டும்.

பதில் 2:
நான் பிசியோதெரபிஸ்ட். மேலே பதில் எழுதிய அண்ணன் சொன்ன விரல் விரிவது சாதாரண விஷயமில்லை. தசை இறுக்கம் விரல்களை உள்பக்கமாக மடக்கிவிடுவதால், பலருக்குப் பிடிப்பதைவிட விடுவதுதான் கடினம். பெரும்பாலும் தோளும் முழங்கையும் முதலில் அசையும். விரல்களின் நுணுக்கமான வேலை கடைசியில் வரும். 4 மாதத்தில் பொத்தான் என்பது உங்கள் கண்ணீருக்குத் தகுந்த விஷயம்தான்.

முதல் 3 மாதம் முன்னேற்றம் வேகமாகத் தெரியும், பிறகு மெதுவாகும். நின்றுவிட்டது என்று நினைத்துப் பலர் மனம் விடுவது அப்போதுதான். அதனால் நிமிடத்தைக் குறித்து வையுங்கள். 10 நிமிடம் 8 ஆனால் அதற்கு யாரும் கை தட்டத் தேவையில்லை, அவருக்கே தெரியும்.

இன்னொன்று, மாலையில் பயிற்சி செய்யாதது கோபத்தால் என்று முடிவு கட்டாதீர்கள். பக்கவாதத்துக்குப் பிறகு வரும் களைப்பு வேறு மாதிரி. பத்து நிமிடம் விரலோடு போராடினால் நாள் முழுக்க உடம்பு ஓய்ந்துவிடலாம். இன்னொரு தடவை போடச் சொன்னது, பாவம், அவருக்கு மலையாக இருந்திருக்கும். ஆனால் இந்த ஒதுங்கல் 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அதற்குச் சிகிச்சை உண்டு.

கேட்டவர்:
அது களைப்பாக இருக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் என் தலையில் இடது கையை வைத்தார்.

இன்று காலை நான் அறைக்கு வெளியே நின்றுகொண்டேன். அவரே கூப்பிட்டார். "ஏழு நிமிஷம். கடிகாரம் பாத்துத்தான் போட்டேன்" என்றார். நோட்டை எடுத்தேன். "இரு, எழுதாதே. நாலாவதையும் போட்டுடறேன்."