கடை ஸ்டாக்கையும் ஆன்லைன் ஸ்டாக்கையும் ஒன்றாக்க வேண்டும், அதிகாரம் கையில் இல்லை: எங்கே தொடங்குவது?

பட்டியல்காரன் (கேள்வி)

ஆடை விற்கும் நிறுவனத்தில் ஆன்லைன் கேட்டலாக் வேலை, நான்கு வருடமாக. தளத்துக்குத் தனிக் கிடங்கு, 40 கடைகளுக்குத் தனி ஸ்டாக். தளத்தில் ‘எம்’ சைஸ் தீர்ந்திருக்கும் நேரத்தில் அதே சட்டை ஏழு கடைகளில் தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒரே ஸ்டாக் ஆக்கி, ஆன்லைன் ஆர்டரைக் கடையிலிருந்தே அனுப்பும் திட்டத்தை ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. கடை மேலாளர்கள், கிடங்கு, ஐ.டி. யாரும் எனக்குக் கீழே இல்லை. மென்பொருள் கம்பெனிகளின் டெமோ தொடங்கிவிட்டது.

முதலில் எதைப் பிடிப்பது? முரண்டு பிடிப்பவர்களை என்ன செய்வது? இதை முடித்து, ‘கேட்டலாக் ஆள்’ என்ற முத்திரையிலிருந்து கேட்டகிரி மேலாளர் (ஒரு பொருள் வகையின் விற்பனைக்கும் லாபத்துக்கும் பொறுப்பானவர்) பக்கம் நகர எதைக் கற்க வேண்டும்?

கிடங்குச்சாவி

டெமோவைத் தள்ளிப் போடுங்கள். கடையில் இல்லாத சட்டையை எந்த மென்பொருளாலும் அனுப்ப முடியாது.

முதல் வாரம் மூன்று கடைகளைத் தேர்ந்தெடுங்கள்: நன்றாக நடப்பது ஒன்று, சுமாரானது ஒன்று, ஸ்டாக் குளறுபடிக்குப் பேர்போனது ஒன்று. ஒவ்வொன்றிலும் 200 எஸ்கேயூ (ஒரு மாடலின் ஒரு சைஸ், ஒரு நிறம் என்றால் ஓர் எஸ்கேயூ) எண்ண வேண்டும். எண்ணுபவருக்குக் கணினியில் இருக்கும் எண்ணிக்கையைக் காட்டக் கூடாது. காட்டினால் ‘ஆறு’ என்று திரையில் பார்த்தவர் ஆறு கிடைக்கும்வரை தேடுவார், கிடைத்ததும் நிறுத்திவிடுவார். ஏழாவது சட்டை அலமாரிக்குப் பின்னால் கிடக்கும்.

சைஸ், நிறம் இரண்டும் பொருந்தினால் மட்டுமே ‘சரி’ என்று குறியுங்கள். ‘எல்’ ஒன்று கூடுதல், ‘எம்’ ஒன்று குறைவு என்றால் மொத்தம் சரியாகத்தான் வரும். கணக்குப் பிரிவுக்கு அது போதும், ‘எம்’ கேட்ட வாடிக்கையாளருக்குப் போதாது. இந்தத் துல்லியம் 90% என்று வந்தால் பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் இரண்டு பொருள் உள்ள ஆர்டர் முழுமையாகப் போகும் வாய்ப்பு 81%, மூன்று பொருள் என்றால் 73%. என்னைக் கேட்டால், 95%-க்குக் கீழே இருக்கும் கடையை இணைக்கவே வேண்டாம்.

காணாமல் போனவை வழக்கமாக எங்கே இருக்கும் என்றால்: டிரயல் ரூம், கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மையின் மேல், ஆல்டரேஷனுக்காக பில்லிங் மேசைக்குக் கீழே. கணினியில் வரவு வைத்துவிட்டுப் பிரிக்காமல் விட்ட அட்டைப்பெட்டி இன்னொன்று. டேக் மாறியதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். அதற்குச் சட்டையின் கழுத்து லேபிளையும் பார்கோடையும் ஒப்பிட்டே ஆக வேண்டும்.

பஃபர் (தளத்தில் காட்டாமல் ஒதுக்கி வைக்கும் எண்ணிக்கை) பற்றி ஓர் எச்சரிக்கை. ‘ஒரு கடையில் 2 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் தளத்தில் காட்டாதே’ என்று யாராவது பாதுகாப்பாக யோசனை சொல்வார்கள். ஆடையில் ஒரு கடைக்கு ஒரு சைஸில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அந்த விதியை வைத்தால் கடை ஸ்டாக்கில் பெரும்பகுதி தளத்தில் தெரியாமலே போகும், திட்டம் செய்தே பயனில்லை. எல்லாக் கடைக்கும் ஒரே பஃபர் வைக்காமல், துல்லியம் 97% தாண்டிய கடைக்குப் பூஜ்யம், மற்றவற்றுக்கு 1 என்று பிரித்து வையுங்கள்.

வரவுசெலவு

இரண்டாவது கேள்விக்கு. கடை மேலாளர் முரண்டு பிடிக்கிறார் என்று நினைக்காதீர்கள், அவர் போட்ட கணக்கு சரி. சரக்கு அவருடையது, தேடிப் பேக் செய்பவர் அவருடைய ஆள், விற்பனை மட்டும் ஆன்லைன் கணக்கில். மறுநாள் கடைக்கு வந்து அதே சைஸைக் கேட்பவரிடம் ‘இல்லை’ என்று சொல்லப் போவதும் அவர்தான். இந்தக் கணக்கு மாறாமல் பயிற்சி வகுப்பு, வாட்ஸ்ஆப் குழு, பாராட்டுச் சான்றிதழ் எதுவும் வேலைக்கு ஆகாது. ‘ஸ்டாக் கிடைக்கவில்லை’ என்ற பொத்தானை அமுக்கிவிட்டு நிம்மதியாக இருப்பார்.

எனவே மென்பொருளுக்கு முன்பே மூன்று முடிவுகளை எழுத்தில் வாங்குங்கள்.

ஒன்று, அனுப்பும் கடையின் டார்கெட்டில்தான் அந்த விற்பனை சேரும்.

இரண்டு, ஆள் நேரம். ஸ்டாப்வாட்ச்சோடு நின்று அளந்து பாருங்கள்: தேடுவது, பில், மடிப்பது, பேக்கிங், லேபிள் ஒட்டுவது. ஓர் ஆர்டருக்கு 12 நிமிடம் என்றால் 25 ஆர்டருக்கு 5 மணி நேரம், ஒருவரின் ஷிப்டில் பாதிக்கு மேல். அதற்கு ஆள் தராமல் ஆர்டர் மட்டும் அனுப்ப முடியாது. தரப் பணமில்லை என்றால் கடைக்கு ஒரு நாளைக்கு இத்தனை ஆர்டர்தான் என்று உச்சவரம்பு வையுங்கள்.

மூன்றாவது முடிவைப் பலர் மறந்துவிடுவார்கள்: ரிட்டர்ன் யார் கணக்கில் கழியும்? ‘அ’ கடை அனுப்பியதை வாடிக்கையாளர் ‘ஆ’ கடையில் திருப்பிக் கொடுக்கிறார். ‘ஆ’வின் விற்பனையில் கழித்தால், அடுத்த வாரமே அங்கே ‘பில் இல்லை, வாங்கின இடத்துக்கே போங்க’ என்ற பதில் தொடங்கிவிடும். வாங்கிக்கொண்ட கடையை அது தொடவே கூடாது.

இதையெல்லாம் ஒரே பக்கத்தில் வாக்கியங்களாக எழுதுங்கள். ஸ்லைடு வேண்டாம். அமேசானில் 2004-இல் மேல்மட்டக் கூட்டங்களுக்கு பவர்பாயின்ட்டை நிறுத்திவிட்டு எழுதப்பட்ட குறிப்புகளுக்கு மாறினார்கள். புள்ளிபுள்ளியாகப் போட்ட ஸ்லைடில் ஓட்டை தெரியாது, வாக்கியத்தில் தெரிந்துவிடும். உங்கள் பக்கத்தில் ‘இதனால் யாருக்கு நஷ்டம்’ என்று ஒரு பத்தி கண்டிப்பாக இருக்கட்டும்.

மூன்றாவது கேள்விக்கு: ஓர் ஆர்டரில் கடைசியில் என்ன மிஞ்சுகிறது என்று போடத் தெரிந்தவரே கேட்டகிரி மேலாளர். ஓர் உதாரணம், எண்கள் கற்பனை. தள்ளுபடி போக விலை 900. கொள்முதல் 520, பேமென்ட் கட்டணம் 18, பேக்கிங் 20, கூரியர் 70, விளம்பரம் 120. மிச்சம் 152. பெரும்பாலான ரிப்போர்ட் இங்கேயே நின்றுவிடும். இப்போது 100 ஆர்டரில் 20 திரும்பி வருகிறது என்று வையுங்கள். லாபம் 80 ஆர்டரில்தான்: 380 × 80 = 30,400. செலவோ 100 ஆர்டருக்கும்: 228 × 100 = 22,800. (பேமென்ட் கட்டணம் திரும்பி வராது என்று வைத்திருக்கிறேன். ஒப்பந்தத்தைப் பாருங்கள்.) திரும்பும் கூரியர் 80 வீதம் 1,600. பிரித்துப் பார்த்து மறுபடி மடிக்க 30 வீதம் 600. இருபதில் ஐந்து புதிதாக விற்க லாயக்கில்லாமல் பாதி அடக்கத்துக்குப் போனால் 1,300. மிஞ்சுவது 4,100, அதாவது ஆர்டருக்கு வெறும் 41.

இதே கணக்கில் ரிட்டர்னை 20-இலிருந்து 15 ஆக்கிப் பாருங்கள். ஆர்டருக்குச் சுமார் 69 வரும். ரிட்டர்னைக் குறைப்பது அளவு அட்டவணை, துணியின் எடை, உண்மையான நிறம் தெரியும் படம். எல்லாம் கேட்டலாக் வேலை. முத்திரையை அழிக்க வேண்டாம், அதையே லாபக் கணக்காக மாற்றிக் காட்டுங்கள்.

சோதனைக்குழாய்

மேலே சொன்னதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. ஆனால் அளப்பதில் இந்த மாதிரி திட்டங்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு.

ரிட்டர்ன் சதவீதத்தை அவசரப்பட்டுப் பார்க்காதீர்கள். ரிட்டர்ன் காலம் 30 நாள் என்றால், போன வாரம் அனுப்பிய ஆர்டர்களின் ரிட்டர்ன் இன்னும் வந்து முடியவில்லை. அதை இரண்டு மாதத்துக்கு முந்தைய எண்ணோடு ஒப்பிட்டால் எப்போதும் ‘முன்னேற்றம்’ தெரியும். ஆர்டர் போட்ட வாரத்தின்படி தொகுத்து, டெலிவரி நாட்களோடு 30 நாளும் கடந்த வாரங்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

ரிட்டர்னைக் குறைக்கத் தளத்தின் பக்கத்தில் செய்யும் மாற்றத்தை ஏ/பி டெஸ்ட்டில் (பாதிப் பேருக்குப் பழைய பக்கம் ‘ஏ’, மீதிப் பேருக்குப் புதியது ‘பி’ காட்டி ஒப்பிடுவது) போட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வாங்கும் விகிதம் 2% உள்ள தளத்தில் அது 2.2% ஆகிறதா என்று கண்டுபிடிக்க எத்தனை பேர் தேவை? வழக்கமான தோராயச் சூத்திரம்: 16 × விகிதம் × (1 − விகிதம்) ÷ வித்தியாசத்தின் வர்க்கம். 16 × 0.02 × 0.98 ÷ 0.000004 = 78,400. இது ‘ஏ’, ‘பி’ இரண்டில் ஒன்றுக்கு மட்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கு மேல். அந்தப் பக்கத்துக்கு நாளுக்கு 8,000 பேர் வந்தால் முழுதாக மூன்று வாரம். நான்காம் நாளில் எட்டிப் பார்த்து ‘பி ஜெயிக்கிறது’ என்று நிறுத்துவது நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்ததும் ஆட்டத்தை முடிப்பது போல. அவ்வளவு கூட்டம் வராத தளத்தில் ஏ/பி டெஸ்ட்டையே விடுங்கள். ரிட்டர்ன் காரணக் குறியீட்டைப் பாருங்கள், ‘சைஸ் சிறியது’ என்று குவியும் பத்து மாடல்களைச் சரிசெய்யுங்கள்.

கடை பைலட்டுக்கும் (சில கடைகளில் மட்டும் முதலில் செய்து பார்க்கும் சோதனை) இதே ஒழுக்கம் தேவை. மூன்று கடை, ஆறு வாரம், கூடவே அதே அளவில் இணைக்காத மூன்று கடை. இல்லாவிட்டால் சீசன் ஏற்றத்தை உங்கள் திட்டத்தின் சாதனையாக எழுதிவிடுவீர்கள். பெரிய விற்பனைக் காலத்துக்கு ஒரு மாதம் முன்பே புதுக் கடை இணைப்பதை நிறுத்துங்கள். ஒவ்வொரு கடையையும் தனித்தனியாக அணைக்கும் சுவிட்ச் மென்பொருளில் உண்டா என்று டெமோவில் கேளுங்கள். ‘மொத்தமாக அணைக்கலாம்’ என்றால், ஒரு கடையில் பிரச்சினை வந்ததும் 40-ஐயும் அணைக்க நேரும்.

கற்க வேண்டியது என்றால் எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிலிருந்து தகவலைக் கேட்டு எடுக்கும் மொழி). நான்கு டேபிள் போதும்: ஆர்டர், ஆர்டர் வரி (ஆர்டரில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி), ரிட்டர்ன், ஸ்டாக் நகர்வு. புதியவர் எல்லோரும் விழும் குழி: ஆர்டரையும் ஆர்டர் வரியையும் இணைத்துவிட்டு கூரியர் செலவைக் கூட்டுவது. மூன்று பொருள் உள்ள ஆர்டரில் அந்தச் செலவு மூன்று முறை வரும். கூரியர் செலவு திடீரென்று கணக்குப் பிரிவு சொல்வதைவிட அதிகமாக வந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

ரெஸ்யூமேயில் ‘ஒருங்கிணைத்தேன்’ என்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். முன்பு என்ன எண், எதை மாற்றினீர்கள், எத்தனை வாரத்தில் என்ன ஆனது, இணைக்காத கடைகளில் அதே காலத்தில் என்ன ஆனது. நான்கு வரி.

பட்டியல்காரன்

எல்லோருக்கும் நன்றி. ஒரு கடையில் 60 எஸ்கேயூ எண்ணிப் பார்த்ததில் 51 சரி. பொருந்தாத ஒன்பதில் நான்கு, ரிட்டர்ன் பெட்டியில் கிடந்தவை. கணினியில் அவை ‘இருப்பு’ என்றே இருக்கின்றன. இதை மென்பொருளில் சரிசெய்ய வேண்டுமா, கடையிலா?

கிடங்குச்சாவி

இரண்டிலும், ஆனால் முதலில் நிலையைப் பிரிக்க வேண்டும். ரிட்டர்ன் ஸ்கேன் செய்ததும் பொருள் நேராக ‘விற்கலாம்’ என்ற எண்ணிக்கையில் சேருவதுதான் உங்கள் கோளாறு. ஸ்கேன் செய்ததும் ‘சோதனையில்’ என்ற நிலைக்குப் போகட்டும். அந்த எண்ணிக்கை தளத்தில் தெரியக் கூடாது. கறை, கிழிசல், வாசனை, டேக் நான்கையும் ஒருவர் பார்த்த பிறகு இரண்டாவது ஸ்கேன்: ‘விற்கலாம்’ அல்லது ‘பழுது’. இரண்டாவது ஸ்கேன் அலமாரிக்கு அருகே நடக்கட்டும், மேசையில் அல்ல. மேசையில் செய்தால் ஸ்கேன் முடிந்த சட்டை மறுபடி பெட்டிக்கே போகும்.

பணம் திருப்பித் தருவதை எந்த ஸ்கேனோடு இணைப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பல இடங்களில் பணம் போக வேண்டும் என்பதற்காகவே ஊழியர்கள் பார்க்காமல் ‘விற்கலாம்’ அமுக்குவார்கள். கடையில் நேரில் கொடுக்கும் ரிட்டர்னுக்கு வாடிக்கையாளர் எதிரிலேயே பார்த்து, முதல் ஸ்கேனிலேயே பணத்தை விடுவித்துவிடலாம். கூரியரில் வருவதற்கு இரண்டாவது ஸ்கேன். அதற்கு 24 மணி நேரக் கெடு வைத்து, கெடு தாண்டியவற்றின் பட்டியல் தினமும் காலையில் கடை மேலாளருக்குப் போகட்டும்.

60-இல் 51 என்றால் 85%. அந்தக் கடையை இப்போது இணைக்காதீர்கள். பெட்டியில் கிடந்த நான்கும் சரியாக இருந்திருந்தால் 55, அதாவது 92% வந்திருக்கும். மீதி ஐந்தில் டேக் மாறியது எத்தனை என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.